மூன்று சுழி

நெய் கம்பெனிக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
இன்னும் கறுப்பாக.
அறுபதடி தூரத்தில், மழையில்,
பைக்கில் போகிறவன் படித்துவிட வேண்டும்.

ஆங்கிலம் முன்பே தயார்.
தொடை தடிமனில் தண்டு,
அதைத் தொட்டுக்கொண்டு மயிரிழையாய் ஒரு கோடு,
அடியில் கூரான செரிஃப்.
இருபத்தாறு பேரும் பாலிஷ் போட்ட ஷூவோடு
அணிவகுப்பில் நின்றார்கள்.
கன்னடத்துக்குப் பிரமோத் ஹெக்டே
தலைக்கட்டிலேயே ஒரு வெட்டு வைத்து
சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டான்.

தமிழ் என் பங்கு.
நம் எழுத்துக்குத் துணைக்கால் உண்டு,
ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு உண்டு,
பாதம்தான் இல்லை.
ஷூவை எங்கே மாட்ட?
ப-வின் இரண்டு தோளிலும் மாட்டினேன்,
குளியலறை வாளியாயிற்று.
ர-வின் சாய்ந்த நுனியைச் சீராக்கி மாட்டினேன்,
அது துணைக்காலாகி
மரம் என்று அடித்தால் மாம் என்று வந்தது.

இவை எல்லாம் ஒரு வாரம்.
ண மட்டும் பதினோரு நாள்.

மூன்று சுழி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் கொஞ்சம் வெள்ளை.
கோடு தடிக்கத் தடிக்க அந்த வெள்ளை
கொண்டைக்கடலையாகி, மிளகாகி, கடுகாகி
ஒரு செவ்வாய்க்கிழமை காணாமல் போனது.
அகலமாக்கினால் வரியில் பக்கத்து எழுத்துக்கு மூச்சு முட்டியது.
பிரமோத் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தான்.
ஒரு சுழியை எடுத்துவிடேன், யார் எண்ணப் போகிறார்கள்?
எடுத்தால் அது வேறு எழுத்து, என்றேன்.
பணி பனியாகிவிடும்.
ஆகட்டுமே, என்று திரும்ப உருண்டு போனான்.

வெளிக்கோடு வட்டமென்றால்
உள்கோடும் வட்டமாக வேண்டுமென்று
எனக்கு யார் சொன்னது?
கோடிஹள்ளியில் கரண்ட் போய்
யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்த ராத்திரி
உள்ளே மட்டும் சாய்த்து வெட்டினேன்,
புளியங்கொட்டை மாதிரி மூன்று.
திறந்துகொண்டது.

நெய் கம்பெனி தயிர் விற்கிறது, மோர் விற்கிறது.
வெண்ணெய் விற்பதில்லை.
ஒரு டப்பாவிலும் ண வரவில்லை.

மார்ச் மாதம். சில்க் போர்டு.
ஆட்டோவுக்கு முன்னால் ஓசூர் நம்பர் டேங்கர் ஒன்று
நாற்பது நிமிடமாக நின்றது.
முதுகில் மஞ்சள் ஸ்டிக்கரில்
தண்ணீர்.

என் எழுத்து.
காசு கொடுக்காமல் எடுத்து,
குறுக்கே இருபது சதவீதம் இழுத்து,
மயிரிழைக் கோடெல்லாம் கத்தியில் கிழிந்துபோய்
வெறுங்காலோடு நிற்கிறது.
முதல் ண-வில் மூன்று கொட்டையையும் உரித்திருந்தார்கள்.
இரண்டாவதில் கடைசிச் சுழியை
உரிக்காமல் அப்படியே ஒட்டிவிட்டார்கள்,
அதில் மட்டும் முழு மஞ்சள்.
அதன் கீழே வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது.
படம் எடுத்துப் பிரமோதுக்கு அனுப்பினேன்.
ஷூ எங்கே? என்று கேட்டான்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
படிக்க முடிகிறதே என்றுதான் முதலில் தோன்றியது,
அறுபதடி என்ன, அந்தப் பாலத்திலிருந்தே படிக்கலாம்.
அப்புறம், காசவனஹள்ளி வீட்டில்
இரண்டு நாளாகக் குழாய் வெறுமனே இருமுவது
நினைவுக்கு வந்தது.

தண்ணீருக்கு அடியில் போன் நம்பர்,
வேறு ஏதோ ஒல்லி எழுத்தில்.
அடித்தேன். முன்னால் டேங்கருக்குள்ளேயே மணி ஒலித்தது.
ஸ்டிக்கர் யார் ஒட்டியது என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
ஆறாயிரமா, பன்னிரண்டாயிரமா? என்றார் அவர்.
எதைச் சொன்னாலும்
பின்னால் மூன்று சுழி.

ஆறு, என்றேன்.
காசவனஹள்ளியா, அங்கே சந்து சின்னது,
இருநூறு சேர்த்துக் கொடுங்க,
என்று சொல்லிக்கொண்டே
கியரைப் போட்டார்.